செகண்ட் சான்ஸ் குடுத்ததே தப்பாப் போச்சு: கரோலின் நார்ட்டன் கேஸ்

ஆன்டி ஹீரோ கதைங்கள்ல ஒரு டெம்ப்ளேட் இருக்கு, படிக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும். பழைய காலத்து இங்கிலாந்து, பெரிய பங்களா, அதுல ஒரு முசுடு ஆம்பள, அவனுக்கு ஏதோ ஒரு குடும்பத்து மேல வஞ்சம், அந்த வீட்டுப் பொண்ணையே கட்டிட்டு வந்து படுத்தி எடுப்பான், அப்புறம் விட்டுட்டுப் போயிடுவான், அஞ்சு வருஷம் கழிச்சு திரும்பி வந்து "எனக்கு இன்னொரு சான்ஸ் குடு"ம்பான், இவ பத்து எபிக்கு (எபிசோடுக்கு) முறைச்சிட்டு பதினோராவது எபில அழுதுட்டே கட்டிப்பிடிச்சுப்பா. நானும் படிக்கிற ஆளுதான், பொய் சொல்ல மாட்டேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன சார்ஜ்ல போட்டுக்கிட்டே படிச்சிருக்கேன்.

அதே மாதிரி ஒரு குறுநாவல் நாமளே எழுதினா என்னன்னு ஆரம்பிச்சேன். 1830கள்ல நடக்கற கதை, லண்டன். நாலாவது அத்தியாயத்துல ஹீரோயின் புருஷன விட்டுக் கிளம்பணும். கிளம்பற சீன் எழுதும்போது சின்னதா ஒரு டவுட்: குழந்தைங்கள கூட்டிட்டுப் போக அவளுக்கு உரிமை இருக்கா? கையில இருக்கற காசு அவளோடதா? திரும்பி வந்தா முன்னாடி அடிச்சதுக்கு கேஸ் போட முடியுமா? இதத் தேடப் போய்தான் கரோலின் நார்ட்டன் கேஸ்ல விழுந்தேன், இன்னும் எந்திரிக்கல. என் நாவல் அந்த நாலாவது அத்தியாயத்துலயே நிக்குது. பழி, கல்யாணம், ரெண்டாவது வாய்ப்பு எல்லாம் இந்தக் கேஸ்ல இருக்கு, ஆனா எதுவும் நாவல்ல வர்ற இடத்துல வரல, அதான் விஷயம்.

மொதல்ல ஆளுங்க யாருன்னு பாத்துடலாம்.

கரோலின் 1808ல லண்டன்ல பொறந்தவ. தாத்தா ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன், பெரிய நாடக ஆசிரியர், எம்.பி.யாவும் இருந்தவர். பேர் இருந்துச்சு, காசு இல்ல. அப்பா 1817ல தென்னாப்பிரிக்காவுல கேப் பக்கம் போன இடத்துல இறந்துட்டார். அம்மாவுக்கு ராஜா தயவுல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைல வாடகை இல்லாம ஒரு குவார்ட்டர்ஸ். வீட்டுல மூணு பொண்ணு, மூணும் அழகு, ஊரே பேசற அழகு, ஆனா சீர் செய்ய அம்மா கையில ஒண்ணும் கிடையாது. நம்ம ஊர்ல இதுக்கு அப்புறம் என்ன நடக்குமோ அதேதான் அங்கயும் நடந்துச்சு. ஜார்ஜ் நார்ட்டன்னு ஒருத்தன், வக்கீலுக்குப் படிச்சவன், கிராண்ட்லி பிரபுவோட தம்பி, பொண்ண 16 வயசுல ஒரு தடவ பாத்துட்டு அவகிட்ட ஒரு வார்த்தை பேசாமலே நேரா அம்மாவுக்கு லெட்டர் போட்டுட்டான், கட்டிக்கிறேன்னு. அம்மா மூணு வருஷம் போகட்டும்னாங்க. வேற நல்ல இடம் எதுவும் அமையல. 1827 ஜூலை 30ல கல்யாணம், அவளுக்கு 19 வயசு. தன் வசதியப் பத்தி அவன் சொன்னதெல்லாம் பெருசா இருந்துச்சு, உள்ள வந்து பாத்தாதான் தெரிஞ்சுது.

கல்யாணமாகி ரெண்டு மாசம் இருக்கும். ராத்திரி ரூம்ல ரெண்டு பேரும் ஏதோ பேசிட்டிருக்காங்க, அவன் ஒரு கருத்து சொல்றான், இவ "இவ்ளோ அபத்தமா யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல"ங்கற மாதிரி ஒரு பதில் குடுக்கறா. பட்டுனு ஒரு உதை, விலாவுல. அந்த ராத்திரி முழுக்க அவ வேற ரூம்ல உக்காந்தே கழிச்சா. பின்னாடி இத எழுதும்போது தான் பேசினது மரியாதையில்லாத பேச்சுதான்னு அவளே ஒத்துக்கறா, அத நான் ரெண்டு தடவ திரும்பப் படிச்சேன். உதை வாங்கினவ தன் பேச்சுக்கு விளக்கம் சொல்லிட்டிருக்கா. இன்னொரு நாள் காலைல டிபன் டேபிள்ல கொதிக்கற டீ கெட்டிலத் தூக்கி அவ கை மேல வெச்சுட்டான், டாக்டர வரவழைக்க வேண்டியதாச்சு. இதுக்கு நடுவுல மூணு பசங்க: ஃப்ளெட்சர், பிரின்ஸ்லி, வில்லியம். வீட்டு செலவுக்கு அவ எழுத ஆரம்பிச்சா. 1829ல வந்த அவளோட முதல் கவிதைப் புத்தகத்துக்கு வந்த பணம் தலைப்பிரசவச் செலவுக்குப் போச்சு.

1830ல மெல்போர்ன் பிரபு உள்துறை மந்திரி ஆகறார். ஜார்ஜுக்கு அப்ப எம்.பி. பதவி போயிடுச்சு, சும்மா இருக்கான். "உங்க தாத்தா பேர வெச்சு ஏதாவது வேலை வாங்கிக் குடு"ன்னு பொண்டாட்டிய அனுப்பறான். அவளும் மெல்போர்னுக்கு லெட்டர் எழுத, அவரும் லண்டன் போலீஸ் கோர்ட்டுல மாஜிஸ்ட்ரேட் வேலை போட்டுக் குடுத்தார், வருஷத்துக்கு 1000 பவுண்டு சம்பளம். அதோட நிக்கல, மெல்போர்ன் அடிக்கடி வீட்டுக்கு வர ஆரம்பிச்சார். மனைவிய இழந்தவர், வயசு அம்பதுக்கு மேல, புத்திசாலிப் பொண்ணுங்களோட பேசறதுன்னா உயிர். ஜார்ஜுக்கு அப்பல்லாம் ஒரு ஆட்சேபணையும் இல்ல, மந்திரி வீட்டுக்கு வர்றாருன்னா சும்மாவா. ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தங்களுக்குள்ள தப்பா ஒண்ணும் இல்லன்னுதான் அவங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சொன்னாங்க.

இப்ப வர்றதுதான் முக்கியமான இடம், என் நாவல நிறுத்தின இடமும் இதுதான்.

1835ல கரோலின் வயித்துல இன்னொரு குழந்தை. அப்பவும் அடி. தாங்க முடியாம வீட்ட விட்டு அக்கா தங்கச்சிங்க பக்கம் போயிட்டா. அவன் விடல, லெட்டர் மேல லெட்டர், தப்பு என்னுதுதான் மன்னிச்சுடு வந்துடுன்னு கெஞ்சறான். பசங்க அவன்கிட்ட இருக்காங்க. திரும்பிப் போனா. அந்தக் கர்ப்பம் கலைஞ்சுது.

நாவல்ல இது கிளைமாக்ஸ். ஹீரோ திருந்திட்டான், மழை பெய்யும், கட்டிப்பிடிச்சுப்பாங்க. சட்டத்துல இதுக்கு பேர் கண்டோனேஷன், அதாவது நீ பொறுத்துக்கிட்ட. அப்ப இங்கிலாந்துல பொண்டாட்டிக்கு கிட்டத்தட்ட இருந்த ஒரே வழி சர்ச் கோர்ட்டுக்குப் போய் கொடுமைன்னு சொல்லி பிரிஞ்சு வாழ உத்தரவு வாங்கறது, அதுலயும் மறுகல்யாணம் கிடையாது. ஆனா அடிச்சவன்கிட்ட ஒரு தடவ திரும்பிப் போயிட்டா அதுவரைக்கும் நடந்த அடி உதை எல்லாத்தையும் அவ மன்னிச்சுட்டதா கணக்கு. அடுத்த வருஷம் வக்கீலுங்ககிட்ட போனப்ப அவளுக்குக் கிடைச்ச பதில் இதான்: நீதான் திரும்பிப் போய் வாழ்ந்துட்டியேம்மா.

இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன். நான் ஒண்ணரை வருஷம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிங் வேலை பாத்தேன், குடும்ப கோர்ட் மனு நூத்துக்கணக்கா அடிச்சிருப்பேன். எல்லா மனுலயும் ஒரு பாரா வரும், "இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி மனுதாரரை மீண்டும் சேர்ந்து வாழ அனுப்பி வைத்தனர்"னு. பொண்ணு எவ்ளோ பொறுமையா இருந்தான்னு காட்டறதுக்கு அந்தப் பாராவ போடுவோம். எதிர்த்தரப்பு பதில் மனுல அதே பாராவ அப்படியே தூக்கி வெச்சு, சேர்ந்து வாழ்ந்ததால மன்னிச்சுட்டாங்கன்னு திருப்பி அடிப்பாங்க. இந்து திருமணச் சட்டத்துல 23வது பிரிவுல இன்னிக்கும் இருக்கு, கொடுமைன்னு சொல்லி டைவர்ஸ் கேட்டா அத நீங்க மன்னிக்கலைன்னு கோர்ட்டுக்குத் தெரியணும். மறுபடி கொடுமை பண்ணினா பழசும் உயிர் பெறும்னு ஒரு விதி இருக்கு, அது ஆறுதல். ஆனா சித்தப்பா பெரியப்பால்லாம் வந்து உக்காந்து "ஒரு சான்ஸ் குடும்மா"ன்னு சொல்றப்ப இந்தக் கணக்கையெல்லாம் யாரும் சொல்றதில்ல.

சரி, 1836. ஈஸ்டருக்கு பசங்கள கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகணும்னு பிளான். அண்ணன் வீட்டுல ஜார்ஜ சேத்துக்க மாட்டாங்க, அதுல அவனுக்கு ஆத்திரம். அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பாத்து மூணு பசங்களையும் வேலைக்காரங்களோட அனுப்பிட்டான். பெரியவனுக்கு 6 வயசு, நடுவுலவனுக்கு 4, சின்னவனுக்கு மூணு கூட முடியல. அவங்கள வெச்சிருந்த வீட்ட கண்டுபிடிச்சு ஓடறா. உள்ள விட்டாங்க, மேல விடல. கீழ உக்காந்து அழுதுட்டிருக்கா, தலைக்கு மேல மாடில பசங்க ஓடற காலடிச் சத்தம் கேக்குது, நடுவுல ஒரு கூரைதான்னு மெல்போர்னுக்கு எழுதறா. எத்தன அழுகாச்சி எபி படிச்சிருக்கேன், இந்த ஒரு வரி பக்கத்துல எதுவும் நிக்காது.

போலீஸ்ல சொல்லலாமான்னா, சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அவன் பண்ணினது குத்தமே கிடையாது. குழந்தை அப்பனோடது. பால் குடிக்கற குழந்தையா இருந்தாலும் அப்பன் நெனச்சா தூக்கிட்டுப் போய் யார்கிட்ட வேணா விடலாம், அம்மாவுக்கு பாக்கற உரிமை கூட சட்டத்துல இல்ல. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆள், அந்த ஒரே ஆள் புருஷன். மொத்த சட்டமும் இந்த ஒரு வரிதான்.

அடுத்து பழிவாங்கற படலம். ஜார்ஜ் நேரா கை வெச்சது மெல்போர்ன் மேல, அவர் அதுக்குள்ள பிரைம் மினிஸ்டர் ஆயிட்டார். கேஸோட பேரு கிரிமினல் கான்வர்சேஷன். ஏதோ பேச்சு சம்பந்தப்பட்ட குத்தம் மாதிரி இருக்கும், கிடையாது. என் பொண்டாட்டியோட இவன் தொடர்பு வெச்சிருந்தான், எனக்கு சேர வேண்டிய பொருள சேதம் பண்ணிட்டான், நஷ்ட ஈடு வேணும்னு புருஷன் இன்னொரு ஆம்பள மேல போடற சிவில் கேஸ். மாடு வயல்ல எறங்கி மேஞ்சா மாட்டுக்காரன்கிட்ட கேக்கற மாதிரி. கேட்ட தொகை 10,000 பவுண்டு, அவனோட பத்து வருஷ சம்பளம், அந்த சம்பளத்த வாங்கிக் குடுத்ததே மெல்போர்ன்தான். பின்னாடி இருந்து தூண்டி விட்டது எதிர்க்கட்சிக்காரங்கதான், கவர்ன்மென்ட்ட கவுக்கறதுக்காகன்னு அப்பவே பல பேர் நம்பினாங்க. மெல்போர்ன் ராஜினாமா பண்றேன்னார், நாலாம் வில்லியம் ராஜா வேணாம்னுட்டார்.

இந்த கேஸ்ல கரோலின் ஒரு தரப்பே கிடையாது. அவளுக்கு வக்கீல் கிடையாது, சாட்சிக் கூண்டுல ஏற அனுமதி கிடையாது. மொத்த கேஸும் அவளோட நடத்தையப் பத்திதான், அவ எங்கயோ வீட்டுல உக்காந்து ரிசல்ட்டுக்கு வெயிட் பண்றா.

1836 ஜூன் 22, வெஸ்ட்மின்ஸ்டர். காலைல ஆரம்பிச்ச விசாரணை கிட்டத்தட்ட நடுராத்திரி வரைக்கும் ஒரே நாள்ல நடந்துச்சு, கோர்ட்டுல நிக்க இடம் இல்ல. ஜார்ஜ் பக்கம் வந்த சாட்சிங்க முக்காவாசி வேலைய விட்டுப் போன, இல்ல துரத்தப்பட்ட வேலைக்காரங்க, விசாரணைக்கு முன்னாடி சில பேர கிராண்ட்லி பிரபுவோட ஊர்லயே கொண்டு போய் தங்க வெச்சிருந்தாங்க. அதுல ஒரு பழைய வண்டிக்காரன், குடிச்சுட்டு வண்டி ஓட்டினதுக்கு வேலை போனவன், அவன மெல்போர்ன் வக்கீல் குறுக்கு விசாரணைல கிழிச்சுத் தொங்க விட்டார். அப்புறம் ஆதாரம்னு மூணு துண்டுச் சீட்டு. மெல்போர்ன் கைப்பட எழுதினது. ஒண்ணுல, நாலரை மணிக்கு வர்றேன். இன்னொண்ணுல, எப்படி இருக்கீங்க, இன்னிக்கு வர முடியாது, நாளைக்கு வர்றேன். அவ்ளோதான். இத வெச்சுக்கிட்டு ஜார்ஜோட வக்கீல், ஆரம்பத்துல "அன்புள்ள மிஸஸ் நார்ட்டன்"னு கூட போடல பாருங்க, எழுதியிருக்கறத விட இதுல அர்த்தம் ஜாஸ்தின்னு வாதாடினார். நம்ம வாட்ஸப்ப எடுத்து இப்படி படிச்சா நாட்டுல ஒருத்தர் தப்ப முடியாது. ரிப்போர்ட்டர்ங்க கூட்டத்துல 24 வயசு பையன் ஒருத்தன் உக்காந்து எழுதிட்டிருந்தான், சார்லஸ் டிக்கன்ஸ். அப்ப அவர் எழுதிட்டிருந்த தொடர்ல வர்ற கோர்ட் சீன்ல ஒரு வக்கீல் சாப்பாடு பத்தின சீட்டையெல்லாம் காதல் லெட்டர் மாதிரி படிப்பார், அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப புரியுது.

ஜூரிங்க கூடிப் பேச எந்திரிச்சுக் கூட போகல, உக்காந்த இடத்துலயே மெல்போர்ன் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டாங்க. கோர்ட்டுல கைதட்டல். மெல்போர்ன் பதவி தப்பிச்சுது, அடுத்த வருஷம் விக்டோரியா ராணியா வந்தப்ப அவர்தான் பக்கத்துல உக்காந்து அரசியல் சொல்லிக் குடுத்தார்.

கரோலினுக்கு? இங்கதான் எனக்குத் தலை சுத்திச்சு. அவ நிரபராதின்னு தீர்ப்பு வந்ததால கள்ளத்தொடர்பு நிரூபணம் ஆகல, அதனால ஜார்ஜால அவள டைவர்ஸ் பண்ண முடியாது. 1835ல திரும்பிப் போனதால அவளால கொடுமைன்னு பிரிய முடியாது. முழு டைவர்ஸ் வேணும்னா பார்லிமென்ட்ல உங்களுக்குன்னு தனியா ஒரு சட்டமே பாஸ் பண்ணணும், 1857 வரைக்கும் அப்படி ஜெயிச்ச பொண்ணுங்க மொத்தம் 4 பேர். ஆக, கேஸ்ல அவ தப்பு பண்ணலன்னு ஆனதாலேயே ஆயுசு முழுக்க அவனோட பொண்டாட்டி. பேரும் போச்சு, பசங்களும் இல்ல. பசங்கள ஸ்காட்லாந்துல அவனோட அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டான்.

நடுவுல மறுபடி சமாதானம் பேசினான் தெரியுமா, 1837ல. பாக்கலாம் வான்னு லெட்டர். அந்த லெட்டர்ல கையெழுத்து "கிரீனேக்கர்"னு. கிரீனேக்கர்ங்கறது அந்த வருஷம் லண்டன்ல தூக்குல போட்ட ஒரு கொலைகாரன் பேர், கட்டிக்கப் போறேன்னு சொன்ன பொண்ணக் கொன்னு துண்டு துண்டா வெட்டிப் போட்டவன். ஜோக்காம். ஆன்டி ஹீரோ எழுதற யாருக்கும் இது தோணாது, நான் எழுதினா எடிட்டர் ஓவரா இருக்குன்னு வெட்டிடுவாங்க.

இனிமேல்தான் இவளோட பழி ஆரம்பிக்குது. கையில இருந்தது பேனா மட்டும்தான். 1837லேர்ந்து குழந்தை கஸ்டடி பத்தி துண்டுப் பிரசுரமா எழுதித் தள்ளறா, ஒண்ண ஆம்பளப் பேர்ல போட்டா, அப்பதான் எம்.பி.ங்க படிப்பாங்கன்னு. டால்ஃபோர்ட்னு ஒரு எம்.பி., அவரும் வக்கீல்தான், மசோதா கொண்டு வந்தார். 1838ல கீழ்சபைல பாஸ் ஆகி பிரபுக்கள் சபைல தோத்துச்சு. அந்த நேரத்துல ஒரு பத்திரிகை அவள பேய், மிருகம்னெல்லாம் எழுதிச்சு, மானநஷ்ட கேஸ் போடலாம்னு பாத்தா கல்யாணமான பொண்ணு தன் பேர்ல கேஸ் போட முடியாது, புருஷன்தான் போடணும். 1839ல சட்டம் வந்துச்சு. 7 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைய அம்மா கேட்டு மனு போடலாம், பெரிய பசங்கள போய்ப் பாக்க அனுமதி வாங்கலாம், ஆனா அந்த அம்மாவ நடத்தை கெட்டவன்னு கோர்ட் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நாட்டுல அம்மாவுக்கு குழந்தை மேல உரிமைன்னு சட்டத்துல ஏறினது அதான் முதல் தடவ.

அவளுக்கு அது உதவல. இங்கிலாந்து கோர்ட் உத்தரவு ஸ்காட்லாந்துல செல்லாது, பசங்க அங்க இருந்தாங்க. அவன் ஒண்ணும் முட்டாள் இல்ல, சட்டம் படிச்சவன்.

1842 செப்டம்பர்ல யார்க்‌ஷயர்ல சின்னவன் வில்லியம் குட்டிக்குதிரை மேலேர்ந்து விழுந்துட்டான். பெரிய அடி இல்ல, ஆனா காயத்த யாரும் சரியா கவனிக்கல, விஷம் ஏறிடுச்சு. அம்மாவுக்கு தகவல் போகுது, ரயில் புடிச்சு ஓடி வர்றா. ஸ்டேஷன்ல யாரோ முன்ன பின்ன தெரியாத ஒரு லேடி நிக்கறாங்க. "பையனுக்கு இப்ப பரவாயில்லையா?"ன்னு கேக்கறா. பரவாயில்லன்னு சொல்ல முடியாதும்மா, இறந்துட்டான்னு பதில். வீட்டுக்குப் போனப்ப பெட்டிக்குள்ள கிடத்தியிருந்தாங்க. ஒம்பது வயசு. அதுக்கப்புறம்தான் ஜார்ஜ் மத்த ரெண்டு பசங்கள அவகிட்டயும் வந்து இருக்க விட்டான்.

பணக் கதைய வேகமா சொல்லிடறேன். 1848ல ஜார்ஜுக்கு ஒரு சொத்து மேல கடன் வாங்க அவ கையெழுத்து தேவைப்பட்டுச்சு. அதுக்கு பதிலா வருஷம் 500 பவுண்டு ஜீவனாம்சம் தர்றேன்னு எழுதிக் குடுத்தான். நாலு வருஷத்துல நிறுத்திட்டான். கேட்டா, அந்தப் பத்திரம் செல்லாதே. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆள், ஒரே ஆள் தனக்குத் தானே எப்படி ஒப்பந்தம் போட முடியும்? இடது கை வலது கைக்கு புரோநோட்டு எழுதின மாதிரி. இத எழுதிக் குடுத்தவன் ஒரு மாஜிஸ்ட்ரேட். அதுக்கும் மேல போய், அவ எழுதி சம்பாதிக்கற பணமே சட்டப்படி தன்னுதுதான்னு கை வெச்சான்.

கரோலின் பண்ணினத பாருங்க, இங்க நான் விசிலடிச்சேன். நாங்க ஒரே ஆள்னா என் கடனும் உன் கடன்தானே? கடைக்காரங்கள கூப்பிட்டு, நான் சட்டத்துல ஒரு ஆளே கிடையாது, பில்ல என் புருஷனுக்கு அனுப்புங்கன்னுட்டா. சாரட்டு ரிப்பேர் பண்ணின கடைக்காரங்க ஜார்ஜ் மேல கேஸ் போட, 1853 ஆகஸ்ட்ல சின்ன ஒரு கவுன்ட்டி கோர்ட்டுல புருஷனும் பொண்டாட்டியும் நேருக்கு நேர். 17 வருஷத்துக்கு முன்னாடி வாய் தொறக்க முடியாதவ இப்ப சாட்சியா நின்னு பேசறா. அவன் அவளோட பேங்க் கணக்கு, பப்ளிஷர் கணக்கு எல்லாத்தையும் சம்மன் பண்ணி வெச்சிருந்தான், மெல்போர்ன் குடும்பத்துலேர்ந்து பணம் வருதுன்னு பழைய சாக்கடையையும் கிளறினான். கேஸ் ஒரு தேதிக் கணக்குல அவனுக்கு சாதகமாப் போயிடுச்சு. ஆனா விஷயம் பேப்பர்ல வந்து, ரெண்டு பேரும் டைம்ஸ் பத்திரிகைல மாத்தி மாத்தி லெட்டர் எழுதி, நாடே படிச்சுது. அவ அதோட விடல, 1854ல சட்டத்தப் பத்தி ஒரு புத்தகம், 1855ல ராணிக்கே அச்சடிச்ச ஒரு கடிதம். அதுல விட்டு விளாசியிருக்கா, நாட்ட ஆளறது ஒரு பொண்ணு, அந்த நாட்டுல கல்யாணமான பொண்ணுக்கு ஆள்ங்கற அந்தஸ்தே இல்லையான்னு. அதே ஆளு பொண்ணு ஆணுக்குக் கீழதான், அது கடவுள் வெச்ச ஏற்பாடுன்னும் எழுதியிருக்கா, அதனால போராளி போஸ்டர்ல போட வசதியான ஆள் இல்ல. அவ கேட்டது சமத்துவம் இல்ல, பாதுகாப்பு.

1857ல டைவர்ஸ் சட்டம் வந்து, 1858 ஜனவரிலேர்ந்து டைவர்ஸுக்குன்னு தனி கோர்ட். புருஷன் விட்டுட்டுப் போன பொண்ணோட சம்பாத்தியத்துல அவன் கை வைக்க முடியாது, பிரிஞ்சு வாழறவ தன் பேர்ல கேஸ் போடலாம், ஒப்பந்தம் போடலாம், சொத்து வாங்கலாம் எழுதி வைக்கலாம், ஜீவனாம்சத்த கோர்ட் உத்தரவாவே போடலாம். இந்த ஷரத்தெல்லாம் அவ கேஸ்ல வந்த ஓட்டைங்கள ஒண்ணொண்ணா அடைச்ச மாதிரி இருக்கும். அசிங்கம் என்னன்னா புருஷனுக்கு பொண்டாட்டியோட கள்ளத்தொடர்பு ஒண்ணே போதும், பொண்டாட்டி கேட்டா கள்ளத்தொடர்போட கொடுமையோ கைவிட்டதோ சேத்து நிரூபிக்கணும். அத அப்படியே காப்பி அடிச்சு 1869ல இந்தியாவுக்கு ஒரு டைவர்ஸ் சட்டம் போட்டாங்க. நம்ம ஊர் கிறிஸ்தவப் பொண்ணுங்க 2001ல திருத்தம் வர்ற வரைக்கும் அந்த ரெட்டை அளவுகோல்லதான் மாட்டிக்கிட்டு இருந்தாங்க. பொண்டாட்டியோட தொடர்பு வெச்சவன்கிட்ட புருஷன் நஷ்ட ஈடு கேக்கற பிரிவும் அதுவரைக்கும் அதுல இருந்துச்சு.

ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். புது பார்லிமென்ட் கட்டடம் கட்டினப்ப பிரபுக்கள் சபை சுவத்துல நீதி தேவதைய வரைஞ்ச மேக்லிஸ்ங்கற ஓவியர் மாடலா வெச்சது கரோலின் முகத்த. 1838ல அவளோட மசோதாவ தள்ளுபடி பண்ணின சபை.

ஜார்ஜ் 1875 பிப்ரவரில செத்தான். பிரபு பட்டம் வெச்சிருந்த அண்ணன் அதே வருஷம் ஆகஸ்ட்ல செத்தார், ஆறே மாசத்துல அவனுக்குப் பட்டம் கிடைக்காமப் போச்சு, அது நேரா பையன் பிரின்ஸ்லிக்கு வந்துச்சு. பெரியவன் ஃப்ளெட்சர் 1859லேயே காசநோய்ல போயிட்டான்.

கிட்டத்தட்ட 48 வருஷம் கழிச்சு கரோலினுக்கு விடுதலை. 1877 மார்ச் 1, ரெண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை சர் வில்லியம் ஸ்டிர்லிங் மேக்ஸ்வெல், ஸ்காட்லாந்துக்காரர், ஸ்பெயின் ஓவியங்களப் பத்தி எழுதின அறிஞர், மனைவிய இழந்தவர், ரொம்ப வருஷமா நண்பர். அவருக்கு 58, அவளுக்கு 68, மூணு வாரத்துல 69. சர்ச்சுக்குப் போக முடியல, உடம்பு அவ்ளோ முடியாம இருந்தா, வீட்டுலயே நடந்துச்சு. ஜூன் 15ல அவ இறந்துட்டா. அடுத்த ஜனவரில வெனிஸ்ல அவரும்.

கல்யாணமான பொண்ணு தன் சொத்த தனியா வெச்சுக்கலாம்னு முழுசா சட்டம் வந்தது 1882ல. 1877ல இருந்தது 1870ம் வருஷத்து அரைகுறைச் சட்டம், பொண்டாட்டி உழைச்சு சம்பாதிச்சத வெச்சுக்கலாம், சின்னதா ஏதாவது பாகம் வந்தா வெச்சுக்கலாம், பாக்கிக்கு பழைய விதிதான். அதாவது மார்ச் 1ம் தேதி ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்ட நிமிஷத்துலேர்ந்து பாதிக்கு மேல அவ மறுபடியும் சட்டத்துல ஆள் இல்லாதவ. அது எந்தெந்த வரில எப்படி எழுதியிருக்குன்னு இங்கிலாந்துலேயே அவ அளவுக்குத் தெரிஞ்ச பொண்ணு வேற யாரும் இருந்திருக்க மாட்டா, நாற்காலில உக்காந்துக்கிட்டே போட்டுட்டா.